இத்தாலிச் சைக்கிளும் அவரைப் பந்தலும்

மாமா,

நேற்று பரமத்தி வேலூர் கடைவீதியில் ஆசாரி கடைக்குப் போயிருந்தேன். என் தோட்டில் ஒரு கல் ஆடிக்கொண்டிருந்தது. ஆசாரி உள்ளே இருந்த பழைய அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது அரக்கைச் சுடரில் காட்டினார். அந்த வாசனை எழுந்ததும் எனக்குக் கடைவீதியே மறந்துபோயிற்று. கரூர் பஸ்ஸின் ஹாரனும் வாழைத்தார் ஏற்றுகிறவர்களின் கூச்சலும் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தன. கண்முன்னால் நம் தோட்டத்து வாசல். வேப்பமர நிழலில் தலைகீழாக நிறுத்திய இத்தாலிச் சைக்கிள். அதன் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற நீங்கள். "அம்மா, தோடு ஆச்சுங்க" என்று ஆசாரி பலமுறை கூப்பிட்டாராம். காது கேட்காத கிழவி என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

போன மாசியில் நீங்கள் போனதிலிருந்து உங்களோடு பேசாத நாளில்லை. அடுப்படியில் பேசுகிறேன், மாட்டுக்குத் தீனி வைக்கும்போது பேசுகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. புருஷனுக்குக் கடிதம் எழுதுகிற யோகம் நமக்கு எங்கே வாய்த்தது? கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரே கூரைக்கடியில்தானே இருந்தோம்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நீங்கள் வெல்டர். ஒருநாள் ஜாக்கி நழுவி, லாரியின் பின்கதவு உங்கள் வலது முழங்கால்மேல் விழுந்துவிட்டது. சேலத்தில் மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், "எலும்பு கூடிவிட்டது. இனி மடக்கி மடக்கிப் பழகினால்தான் அது கால்" என்று சொல்லி அனுப்பினார். பட்டறைக்காரர்கள் இரும்புக் குழாயை வளைத்து, லாரிக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டை அடித்து, ஊன்றிக்கொள்ள ஒரு கம்பு செய்து கொடுத்தார்கள். அந்தக் கம்போடு நீங்கள் ஒரே ஒருமுறை வாசல் படலைத் தாண்டி ரோட்டுக்குப் போனீர்கள். எதிரே வந்த யாரோ, "ஐயோ பாவம், எப்படி இருந்த ஆளு!" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், அப்புறம் படல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மாதங்கள் ஓடின. கால் நோவு குறைந்தது. நீங்கள் மட்டும் வாசலுக்கும் கட்டிலுக்குமாக இருந்தீர்கள். பேச்சும் சுருங்கிப்போயிற்று. சோறு போட்டால் "போதும்" என்பீர்கள், அதுதான் அன்றைக்குப் பேச்சு. இந்த மனுஷன் இந்தப் படலைத் தாண்டாமலேயே கிழவனாகிவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லவில்லை. மாட்டிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

அப்போதுதான் உங்கள் கூட்டாளி துரைசாமி அந்தச் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினார். பட்டறையில் லாரிக்குப் பெயிண்ட் அடித்துப் படம் எழுதுகிறவர், வாய் ஓயாதவர். ராசிபுரம் பக்கம் ஏதோ நூல்மில்லில் மெஷின் பூட்ட வந்த இத்தாலிக்காரர் ஓட்டிக்கொண்டிருந்த பந்தயச் சைக்கிளாம். அவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போக, மழையிலும் வெயிலிலும் கிடந்து, கடைசியில் பழைய இரும்போடு பட்டறைக்கு வந்திருந்தது.

"வெட்டிப் போடச் சொன்னாங்க மாப்ள. எனக்கு மனசு வல்ல. நீ சும்மாதான குந்தீருக்கற, இதையாச்சும் பாரு."

நான் அதைத் தள்ளிவைக்கத் தூக்கினேன். ஒரு கையில் வந்துவிட்டது. தண்ணிக்குடம்கூட அதைவிடக் கனம். உங்கள் அம்மா, என் அத்தை, அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதென்ன சாமி, கையில புடிக்கறது கெடாக் கொம்பாட்டம் வளைஞ்சு கெடக்குது. ஸ்டேண்டு இல்ல, கேரியர் இல்ல. ஒரு புண்ணாக்கு மூட்டை வெக்க முடியுமா இதுல?" என்றார்.

சில நாள் அது வேப்பமரத்தில் சாய்ந்தே கிடந்தது. பிறகு ஒரு காலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து, சக்கரத்து விளிம்பின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். துருவுக்கு அடியில் வெள்ளியாட்டம் ஏதோ மின்னியது. நான் சத்தம் போடாமல் மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அன்றைக்கு மாடு குடித்து முடித்தும் நெடுநேரம் தண்ணீர் காட்டினேன்.

அதன்பின் வாசல் பட்டறையாகிவிட்டது. ரேஷன் மண்ணெண்ணெயை அத்தைக்குத் தெரியாமல் உங்களுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். அதில் செயினும் பல்சக்கரங்களும் ஊறின. தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க, பின்சக்கரத்தில் அடுக்காக இருந்த சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. பெடல் அச்சைப் பிடித்திருக்கும் கப்பு மட்டும் அசையவில்லை. நம்மூர்ச் சைக்கிளில் செயின் பக்கத்துத் திருகுமரை தலைகீழாக இருக்கும், எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அந்தப் பழக்கத்தில் நீங்களும் துரைசாமியும் ஸ்பேனரோடு ஒரு குழாயைச் சேர்த்துப் போட்டுத் தொங்கிப் பார்த்தீர்கள். சைக்கிள் நகராமலிருக்க அதன்மேல் என்னை வேறு உட்காரவைத்தீர்கள். கடைசியில் நீங்கள் எரிச்சலில், "போ சனியனே" என்று ஸ்பேனரை மறுபக்கமாக ஓர் இழுப்பு இழுத்தீர்கள். கப்பு முனகிக்கொண்டு கழன்றது. இவ்வளவு நேரமும் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். இத்தாலிக்காரனுக்கு இரண்டு பக்கமும் ஒரே மரை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். அடிபட்டதற்கு அப்புறம் நீங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

துரைசாமி கேரியரும் ஸ்டேண்டும் வெல்டிங் வைத்தே தீருவேன் என்று நின்றார். "வண்டின்னா வண்டியாட்டம் இருக்கோணும் மாப்ள" என்றார். நீங்கள் விடவில்லை. "அது ஓடறதுக்குப் பொறந்தது. சொமக்கறதுக்கு நம்மகிட்ட எருமை இருக்குது" என்றீர்கள். சமாதானத்துக்கு, முன்னால் சின்னதாக ஒரு கிளி மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். லாரியில் எழுதுகிற அதே பச்சைக்கிளி, விரல் நீளத்தில். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

எனக்கு அந்த நாட்களில் நினைவிருப்பதெல்லாம் ஒரு சத்தம்தான். சைக்கிளை மரத்தில் சாய்த்து, ஏறி உட்கார்ந்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவீர்கள். ஃப்ரீவீல் 'டிக் டிக் டிக்' என்று போய், நின்றுவிடும். அரை வட்டத்தில் உங்கள் முழங்கால் மடங்க மறுத்த இடம் அது. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும் டிக் டிக். நான் அடுப்படியில் இருந்துகொண்டே அந்தச் சத்தத்தில் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றைவிட இன்றைக்கு ஒரு டிக் கூடியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு குழம்பைக் கிண்டுவேன். ஒருநாள் பின்மதியம், அரைத்தூக்கத்தில் கிடந்தேன். சத்தம் நிற்கவே இல்லை. மழைக்காலத்துச் சில்வண்டு மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. கனவென்றே நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் உங்கள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கால் சுற்றிக்கொண்டிருந்தது. நோவினாலா சந்தோஷத்தினாலா என்று நான் கேட்கவில்லை.

இன்னும் டயர் பாக்கி. நம் ஊர் டயர் அந்தச் சக்கரத்தில் உட்காரவில்லை. இருந்த பழைய டயரில் டியூப் எங்கே இருக்கிறது என்று பஞ்சர் கடைக்காரர் தேடித் தேடிச் சலித்துப்போனார். டியூபை உள்ளே வைத்து, டயரையே குழாய் மாதிரி சுற்றித் தைத்திருந்தான் இத்தாலிக்காரன். "தையல்னா எங்கிட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். ரவிக்கை பிரிப்பதுபோலத் தையலைப் பிரித்தேன், நீங்கள் டியூபுக்கு ஒட்டுப் போட்டீர்கள், நான் மெழுகு பூசிய நூலால் கோணி ஊசியில் திரும்பத் தைத்தேன். விரலெல்லாம் பொத்தல். அந்த டயரைச் சக்கரத்தில் ஒட்டினால்தான் நிற்கும். எந்தப் பசையும் பிடிக்கவில்லை.

அந்த வாரம், இதே தோட்டுக்கு அரக்கு வைக்க ஒரு ஆசாரி நம் வாசலுக்கு வந்திருந்தார். அவர் வேலையைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பொன்னையே புடிச்சு நிறுத்துது, ரப்பரை நிறுத்தாதா?" என்றீர்கள். ஆசாரி சிரித்தார். கொஞ்சம் அரக்குக் கொடுத்தார். "வெய்யல்ல மட்டும் நிறுத்தீராதீங்க சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒட்டியது. இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. உங்கள் பெருமையைப் பார்க்கவேண்டுமே!

புரட்டாசி பிறந்து ஆயுதபூஜை வந்தது. பட்டறை பூஜைக்கு அந்தச் சைக்கிளில்தான் போவேன் என்றீர்கள். அத்தை குறுக்கே விழாத குறை. காலையில் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். கம்பை எங்கே வைப்பது? கேரியர்தான் இல்லையே. கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றீர்கள். அப்புறம் சுவரில் சாய்த்துவிட்டு, "பட்டறையில எவன் தோளயாச்சும் புடிச்சுக்கறேன்" என்றீர்கள்.

"பையப் போங்க மாமா."

"வாரேன் அம்மிணி."

படலைத் தாண்டினீர்கள். எத்தனை மாதமாக நான் கண்ட கனவு அது! சைக்கிள் சத்தமே இல்லாமல் நாமக்கல் ரோட்டில் ஏறி, புளியமர நிழலில் மறைந்தும் வெயிலில் தெரிந்தும், மறைந்தும் தெரிந்தும் போயிற்று. பெருமாள் புறப்பாட்டைப் பார்க்கிறவள் மாதிரி கைகூப்பி நின்றேன். நல்லவேளை, அத்தை பார்க்கவில்லை.

புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அன்றைக்குப் பொன்னுருகத்தான் காய்ந்தது. உச்சி சாய்ந்தும் உங்களைக் காணோம். அத்தை பிள்ளையாருக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். நான் நிலைகொள்ளாமல், படலோரம் போட்டிருந்த அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுக்கிற சாக்கில் போய் நின்றேன். போகிற போக்கில் சுவரோரம் இருந்த உங்கள் கம்பையும் எடுத்துக்கொண்டேன். விழுந்து கிடந்தால் ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்றுதான் எடுத்தேன்.

ரோட்டில் கானல் நெளிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. முதலில் அது நடப்பதாகவே தெரியவில்லை, தண்ணீரில் மிதந்து வருவதாகத்தான் தெரிந்தது. கிட்ட வர வர, தோளில் சைக்கிள். கழுத்தில் மாலையாட்டம் டயர். நெற்றியில் பூஜைக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. வலது கால் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நீங்கள் நடந்து வந்தீர்கள், மாமா. இரண்டு காலில், கம்பில்லாமல், அவ்வளவு தூரமும்.

அது உங்களுக்குத் தெரியவில்லை என்பது உங்கள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கவனமெல்லாம் சைக்கிளில் இருந்தது. நான் வாய்திறந்தால் உங்களுக்குக் கம்பு நினைவு வந்துவிடும், நினைவு வந்தால் கால் பயந்துவிடும். கையிலிருந்த கம்பைப் பந்தல் மூலையில் ஓங்கி ஊன்றினேன். ஒரு அவரைக் கொடியை எடுத்து அதில் அவசரமாகச் சுற்றிவிட்டேன்.

"அரக்கு உருகிப்போச்சு அம்மிணி!" என்று நீங்கள் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தீர்கள். பூஜை முடியும்வரை லாரிகளோடு சேர்த்து அதையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்களாம். திரும்பும் வழியில் டயர் சறுக்கிக் கையோடு வந்துவிட்டதாம்.

"பஸ்ஸுல வந்திருக்கலாமுங்களே?"

"மேல தூக்கிப் போடுவான், ஒடிஞ்சுபோகும்."

அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் வந்த ஆசை கல்யாணத்தன்று வரவில்லை. இதை உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

பொழுது சாய்ந்து, சாப்பிட்டு எழுந்தபோதுதான் கேட்டீர்கள். "ஏ அம்மிணி, என்ற கம்பு எங்க?"

"பந்தலுக்கு முட்டு இல்லைங்க மாமா. ஊனீட்டனுங்க."

நீங்கள் அப்படியே நின்றீர்கள். சுவரைப் பார்த்தீர்கள், காலைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். நான் பாத்திரம் கழுவுவதில் மும்முரமாக இருந்தேன்.

"சரி, இருக்கட்டும்" என்றீர்கள். "காய்ப்பு முடியட்டும், எடுத்துக்கறேன்."

அந்தத் தீபாவளிக்கு முன்னாலேயே வேலைக்குப் போனீர்கள். துரைசாமி பம்பாய் லாரிக்காரர்களிடம் சொல்லி அந்தச் சைக்கிளுக்கான பசையை வரவழைத்தார். எண்பதுகள் முழுக்க அதில்தான் பட்டறைக்குப் போனீர்கள், வேலூருக்கு என் அப்பா வீட்டு வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போனீர்கள், ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்குப் போனீர்கள். உங்களைப் 'பாவம்' என்று சொன்னவர்களே, "அடிபட்ட காலோட என்ன துள்ளு பாரு" என்று சொன்னார்கள். இப்போது அது கொட்டகையில் தொங்குகிறது. கிளிக்கு நிறம் போய்விட்டது. மூக்கு மட்டும் இருக்கிறது.

தை வந்து அவரைக் காய்ப்பு ஓயும்போதெல்லாம் நீங்கள் கம்பைக் கேட்டுவிடுவீர்களோ என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடி வந்ததும் ஓடிப்போய் அதே கம்படியில் புது விதை ஊன்றிவிடுவேன். ஒரு வருஷம் தப்பவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டே போவீர்கள். ஒன்றும் கேட்டதில்லை. பொரியலில் இன்னும் கொஞ்சம் போடச் சொல்வீர்கள், அவ்வளவுதான்.

பச்சைப் பெயிண்ட் எல்லாம் உதிர்ந்து கம்பு துருவேறி நிற்கிறது. இந்த ஆடியிலும் விதை ஊன்றினேன். கொடி உச்சிவரை ஏறி, ஊதாப்பூ விட்டிருக்கிறது. இன்று காலை அதன்கீழ் நின்றபோது முதல் பிஞ்சு கையில் பட்டது.

காய்ப்பு இன்னும் முடியலைங்க மாமா.