கரண்டிமூக்கு உள்ளானும் தொப்பிக்காரர் சொன்ன சேதியும்

என் செல்லத்துக்கு,

இங்கே நான் நலம், அப்பா என்னைவிட நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இன்று எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் பைனாகுலரைத் துடைத்தேன், வாங்கிய நாளிலிருந்து அதில் தன் கைரேகையைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. பறவை பார்க்கும் குழுவில் சேர்ந்துவிட்டாரே, ஞாயிறு விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும், பறவைகள் அவருக்காகக் காத்திருக்குமாம். என்னையும் கூப்பிட்டார், ஃபிளாஸ்க்கைத் தூக்க ஆள் வேண்டுமல்லவா.

கடற்கரையில் குளிர்காற்று காதைப் பிய்த்தது. இருந்தது நாலே கடற்காகம், அதற்கு ஐந்து பெயர் சொல்லிச் சண்டை. பிறகு பக்கத்துச் சதுப்புக்குப் போனோம். குழுத் தலைவர் தொப்பியைக் கழற்றவே மாட்டார், அதனால் எனக்கு அவர் தொப்பிக்காரர். கரண்டிமூக்கு உள்ளான் வந்திருக்கிறது என்றார் அவர். சிட்டுக்குருவி அளவுதானாம், மூக்கு நுனி மட்டும் கரண்டி போலத் தட்டையாம், பனிக்காலத்தில் எங்கிருந்தோ பறந்து வருகிறதாம். எல்லாரும் வரிசையாக நின்று தூரத்துச் சேற்றையே உற்றுப் பார்த்தார்கள். அப்பா திருகக் கூடாத பக்கமெல்லாம் திருகி, தெரியுது தெரியுது என்றார். நாள் முழுக்க ஊராருக்குக் கண் பரிசோதிப்பவள் நான், யாருக்கு என்ன தெரிகிறது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

டீ ஊற்றும்போது தொப்பிக்காரர், என்னம்மா, வேலைய விட்டுட்டு பொண்ணோட போய் இருக்கப் போறீங்களாமே, பொண்ணுக்கு இனிமே சாப்பாட்டுக் கவலை இல்லேன்னு சார் ரொம்பப் பெருமையாச் சொன்னாரு என்றார். எனக்கும் பெருமைதான், என்னைப் பற்றிய சேதி ஒருவழியாக எனக்கும் வந்து சேர்ந்ததில். அம்மாவை அனுப்பச் சொல்லி நீ கேட்டாயாம், அவளுக்கென்ன, கிளம்பிடுவா என்று அப்பா சொல்லிவிட்டாராம். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். சட்டென்று பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார், மூடியைக் கூடக் கழற்றாமல்.

ஃபிளாஸ்க்கோடு கார் நின்ற பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே சின்ன மதகு, அதனடியில் கொஞ்சம் சேறு, அந்தச் சேற்றில் அது. கரண்டிமூக்கேதான், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் துழாவிக்கொண்டு, அத்தனை பேர் முதுகுக்கும் பின்னால் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிடலாமென்று வாய் வரை வந்தது. இது ஒன்றாவது எனக்கே எனக்காக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதைப் பார்த்தால், அதுக்கென்ன, கிளம்பிடும் என்று யாரோ சொல்லி அனுப்பி வந்த மாதிரி இல்லை.

உன்மேல் கோபமில்லை. புது வேலை, அலுத்துப்போய் வருவாய், தெரியும். ஆனால் இருபத்திரண்டு வயதில் சமைக்கக் கற்றுக்கொள்ளலாம் கண்ணு, நான் அந்த வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கற்றேன், இருவரும் பிழைத்துத்தான் இருக்கிறோம்.

குறையொன்றும் இல்லாமல் நன்றாக இரு, வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள். நான் வரப்போவதில்லை, வேலையையும் விடப்போவதில்லை. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில். ஒன்று மட்டும் மறக்காதே, அப்பா ஃபோன் செய்தால் மூச்சு விடாதே. வரும் ஞாயிற்றுக்கிழமை தொப்பிக்காரரிடம் சொல்கிறேன், அப்பாவுக்கு அவர் வழியாகத் தெரியட்டும்.

உன் அம்மா