இரண்டு அறை, சுடுதண்ணீர், வெளியாள் வேண்டாம்

கண்டி,
02.07.2023

அன்புள்ள மகள் புஷ்பராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானத்துக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நீயும் மருமகனும் ஆருஷனும் தாரிகாவும் லண்டனில் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ "ஓம் அப்பா, பிறகு எடுக்கிறன்" என்கிறாய். இங்கிருந்து போகும்போது "ஆமாப்பா" என்று சொன்ன வாய் அது. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கட்டினால் ஓம் வரத்தான் செய்யும், அதில் குற்றமில்லை, அந்தப் 'பிறகு'தான் வருவதில்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. முழுவதும் வாசி.

சித்திரையில் நீ போன் எடுத்து, ஆகஸ்டில் தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் பார்க்கப் பிள்ளைகளோடு வருகிறோம், கண்டி டவுனில் ஐந்து நாளைக்கு மலிவாக ஓர் இடம் பார்த்து வையுங்கள் என்றாய். பதினேழு வருஷத்துக்குப் பிறகு வருகிறாளே என்று நான் வாய் திறப்பதற்குள், "உங்கட இடம் பிள்ளைகளுக்குச் சரிவராது அப்பா, குறை நினைக்காதீங்க" என்று நீயே முடித்துவிட்டாய். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை வேண்டும், அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும், உட்காரும் கக்கூஸ் வேண்டும், சுடுதண்ணீர் வேண்டும், வைபை வேண்டும், டவுன் கிட்ட வேண்டும், விலையும் குறைய வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட நீ இத்தனை கேட்கவில்லை. சரி, பிள்ளை கேட்டுவிட்டதே என்று இந்த முழங்காலோடு நான் ஏறி இறங்கினேன். வாவிக் கரையில் ஓர் இடத்தில் மேசையில் இருந்தவன் லோக்கலா பொரினா என்று கேட்டான். பிறந்தது ஹுன்னஸ்கிரியவில், பாஸ்போர்ட் லண்டனில் என்றேன். பாஸ்போர்ட்டுக்குத்தான் விலை என்றான். அதோடு பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லோரும் முழு ஆளாம், அரைக் கட்டணம் இல்லையாம். பதினாறு வயதுப் பையன் சோற்றுத் தட்டின் முன்னால் முழு ஆளாக இருப்பான், நித்திரைக்குமா என்று கேட்டேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ரயில் ஸ்டேஷன் பக்கம் ஓர் இடத்தில் அறையை மணிக்கணக்கில் கொடுக்கிறார்கள். என்னை மேலும் கீழும் பார்த்து, அம்மா பின்னால் வருகிறாவா என்று கேட்டான் கடன்காரன். இன்னோர் இடத்தில் 'பேமிலி ரூம்' என்று காட்டினார்கள், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாக நாலு கட்டில், கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லை. பதினாலு வயதுப் பெண்பிள்ளையை அதில் எப்படி விடுவது. கடைசியில் கெலிஓயாவில் ஆஸியா உம்மா என்பவரின் வீட்டோடு ஓர் அனெக்ஸ் அகப்பட்டது. துடைத்து வைத்த மாதிரி சுத்தம், விலையும் நியாயம். "புள்ளைங்க பெரிசாயிட்டா ரெண்டு ரூம்தான் வாப்பா, அண்ணன் தங்கச்சியா இருந்தாலும்" என்று அந்த மனுஷி தானாகவே சொன்னா. உனக்குச் சொன்னேன். டவுனுக்குத் தூரம், பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கும் என்றாய்.

இத்தனை இடம் ஏறி இறங்கியது நீ கேட்டதற்காக மட்டுமில்லை, என் கொழுப்பும் அதில் இருந்தது. ஒன்றும் சரிவராமல் நீ களைத்துப் போன பிறகு, வா மகளே என்று அம்பிட்டிய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாயடைக்க வைக்க வேண்டும் என்று இருந்தேன். உன் அம்மா ரத்தினம்மா குவைத்தில் பாடுபட்டு எடுத்த காணியில் கட்டிய வீடு அது. பால் காய்ச்சியபோது படம் அனுப்பினேன், அதில் அம்மாவின் முகமும் பானையும்தான் விழுந்திருந்தன, வீடு விழவில்லை. இரண்டு அறையும் தகரக் கூரையும் என்று அன்று நான் சொன்னது உன் மனதில் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மேல் தட்டு போட்டோம், டைல்ஸ் பதித்தோம். வீடு எந்தப் பக்கம் என்றுகூட நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடிதம்கூட இன்றுவரை டவுனில் முஹைதீன் நானா கடை மேல்பார்த்து என்ற விலாசத்துக்குத்தான் வருகிறது. தோட்டத்து ஆபிசுக்கு வந்தால் பிந்துகிறதென்று லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் கொடுத்த விலாசம் அது. அதை நான் மாற்றவே இல்லை. சொந்தமாக ஒரு விலாசம் இருப்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயம்.

அம்மா கண்ணை மூடிய பிறகு, நாலு அறையும் ஒரு கிழவனுமாக இருந்த வீட்டைப் பார்த்து முஹைதீன் நானாவின் மகள் ரபீகாதான் வழி சொன்னாள். அவள் இங்கிலீஷ் டீச்சர். மேலே இரண்டு அறையையும் வாடகைக்கென்று இன்டர்நெட்டில் போட்டாள், வருகிற விசாரணைக்கு அவளே பதில் எழுதுவாள், பெயரும் அவளுடையதுதான் அதில் நிற்கிறது. வீட்டுக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டபோது ரத்னா என்றேன். ரத்னா ஹோம்ஸ்டே. ஆம் மகளே, நீ வைகாசி கடைசியில் புக் பண்ணிவிட்டு, "நானே நல்ல இடம் எடுத்துட்டன் அப்பா, நீங்க அலையாதீங்க" என்று எனக்குச் சொன்னாயே, அது உன் அம்மாவின் வீடு.

அன்று ரபீகா படியேறி ஓடி வந்தாள், "மாமா, உங்க மகள்ட பேர்ல புக்கிங் வந்திருக்கு" என்று. நான் என்ன நினைத்தேன் தெரியுமா. பிள்ளை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள், எனக்குச் சொல்லாமல் வந்து திகைக்க வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் பைத்தியக்காரன் மாதிரி இருந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், புதுத் துவாய் வாங்கினேன், பெரஹரா நாளில் ஊரே விலையை இரட்டிப்பாக்க நம் வீட்டில் மட்டும் ஏற்றாதே என்று ரபீகாவிடம் சொன்னேன். ஆருஷனுக்கு நண்டு பிடிக்குமா என்று உன்னிடம் போனில் கேட்டேனே, ஏன் கேட்கிறீங்க என்றாய், சும்மா என்றேன்.

பிறகு உன் மெசேஜ் வந்தது. ரபீகா முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு நிறுத்தினாள். "வேணாம் மாமா, சும்மா ஏதோ எழுதியிருக்காங்க" என்றாள். வாசி என்றேன். நீ வீட்டுக்காரிக்கு எழுதியதை அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். "எங்கள் தகப்பனார் ஒருவர் கண்டியில் முஹைதீன் கடைப் பக்கம் இருக்கிறார், வயதானவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற ஆள், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பிள்ளைகளுக்கு, தாத்தா ஒரு டீ பிளான்டர், பங்களாவில் இருந்தவர் என்று சொல்லி வளர்த்துவிட்டோம், இனி மாற்ற முடியாது. நான் தனியாக அவரை ஒரு பின்னேரம் டவுனில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். தயவுசெய்து வெளியாள் யாரையும் உள்ளே எடுக்க வேண்டாம், கிழவர் யாராவது விசாரித்து வந்தால் வெளியே போய்விட்டார்கள் என்று சொல்லுங்கள். அவர் இருக்கும் இடத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் எவ்வளவு தூரம். அதோடு, படத்தில் தெரிகிற பழைய அலுமாரியை எடுத்துவிட முடியுமா, மகளுக்குப் பெட்டி வைக்க இடம் வேண்டும்."

அலுமாரியை முதலில் சொல்கிறேன், மற்றது பிறகு. நீ பெரிய பிள்ளையானபோது மூக்கையா மாமன் சீராகக் கொண்டுவந்த அலுமாரி அது. லொறி ஏறாத பாதையில் தலைச்சுமையாக லயத்துக்கு ஏற்றினான், அன்றிலிருந்து அவன் கழுத்து நேராகவில்லை, அப்படியே செத்தும் போனான். கண்ணாடி மூலையில் நீ ஒட்டிய வெள்ளி நட்சத்திரம் இன்னும் இருக்கிறது, படத்திலும் விழுந்திருக்கிறது, பெருக்கிப் பார். அலுமாரி எடுக்கப்படாது.

பிளான்டர் என்றாயே, அதைக் கேட்டு நான் சிரித்தேன், ரபீகா பயந்துபோனாள். கன்று நட்டவன் பிளான்டர் என்றால் நானும் பிளான்டர்தான், பத்தொன்பது வயதில் குழி வெட்டி நட்ட மலை இன்றும் கொழுந்து கொடுக்கிறது. ஆனால் தோட்டத்துத் துரை வரும்போது வடிகால் கானுக்குள் இறங்கி ஒதுங்கி நின்றவன் நான், என்னையே துரையாக்கிவிட்டாய். என்னைத்தான் துரையாக்கினாய், அம்மாவை என்னவாக்கினாய்? குவைத்தில் ஊரான் பிள்ளைக்குக் குண்டி கழுவி உன்னைக் கம்பஸுக்குப் படிக்க அனுப்பினாளே, அவள் அங்கே டாக்டராக இருந்தாள் என்றா சொல்லி வைத்திருக்கிறாய்? அவள் செத்தபோது பையனுக்குப் பரீட்சை என்று நீ வரவில்லை. பரீட்சை பாஸ் என்று பிறகு சொன்னாய், நானும் சந்தோஷம் என்றேன். அப்போதே நான் திட்டியிருக்க வேண்டும். திட்டாமல் விட்டது என் தப்பு, அந்தத் தப்பைத்தான் இப்போது திருத்துகிறேன். உன்னைப் பெற்றதற்கு வெட்கப்படவில்லை, ஆனால் அந்த மெசேஜை ஊரான் வீட்டுப் பெண் எனக்கு வாசித்துக் காட்ட வைத்தாயே, அதற்கு வெட்கப்பட்டேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு கிழவன் நல்லவன் மாதிரி எழுதினான் என்று பேச்சு வேண்டாம். ஆட்கள் வந்து தங்கும்போது நான் மேலே படுப்பதில்லை, கீழ் அறைகளையும் அவர்களுக்குச் சாப்பிடவும் உட்காரவும் விட்டுவிட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் சாமான் அறையில் காஸ் சிலிண்டரோடு பாய் போட்டுப் படுக்கிறேன். நீ போனில் சௌகரியமா என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் பாயில் இருந்துதான் சௌகரியம் என்று சொன்னேன். வருகிற வெள்ளைக்காரர்கள், நீதான் சொந்தக்காரனா என்று கேட்டால், இல்லை, காவலுக்கு நிற்கிற வாச்சர் என்கிறேன். சொந்தக்காரன் ஏன் சாமான் அறையில் படுக்கிறான் என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பயம். ஒரு ஜெர்மன்காரி போகும்போது கையில் ஆயிரம் ரூபாய் வைத்தாள், வாங்கிக்கொண்டேன். ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான் நாம் இருவரும். ஆனால் நான் என்னைத்தான் மறைத்தேன், பெற்றவர்களை மறைக்கவில்லை.

இனி நடக்க வேண்டியது. புக்கிங்கை நான் வெட்டச் சொல்லவில்லை. ஆகஸ்ட் பத்து வரைக்கும் உனக்கு வெட்ட உரிமை உண்டு, காசு திரும்பி வரும், ரபீகா அதை உறுதியாகச் சொன்னாள். வெட்டினால் இந்தக் கடிதம் கிடைத்ததென்று தெரிந்துகொள்வேன், கோபித்து ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம். வெட்டாமல் வந்தால் நீ கேட்டதெல்லாம் இருக்கும், இரண்டு அறை, சுடுதண்ணீர், வைபை, ஜன்னலைத் திறந்தால் ஹந்தான மலை. வெளியாள் ஒருவரும் உள்ளே வர மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. கேட்டைத் திறக்க வாச்சர் நிற்பான். பெட்டி தூக்குவான், தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைப்பான், பிள்ளைகள் டிப்ஸ் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கி தேங்க்யூ சார் என்பான். நான் யாரென்று என் வாயால் ஒரு வார்த்தை வராது, அம்மாவின் படத்தின் மேல் சத்தியம். ஐந்து நாள் முழுவதும் உன் பிள்ளைகளுக்கு முன்னால் நான் அப்படியே நிற்பேன், நீ அதைப் பார்த்துக்கொண்டு இடியப்பம் சாப்பிட வேண்டும். இவர்தான் உங்கள் தாத்தா என்று சொல்வதா வேண்டாமா என்பது உன் வாயைப் பொறுத்தது. சொல்லாமல் போனால், போகும் நாளிலும் நான்தான் கேட்டைப் பூட்டுவேன். அதற்குப் பிறகு நீ போன் எடுத்தால் எடுப்பதற்கு ஆள் இருக்காது.

பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆருஷன் என்னைப் போல் உயரம் என்று ஒரு தரம் சொன்னாய், அதனால் மேல் அறைக் கதவு நிலையில் தலை இடிக்கும், குனிந்து போகச் சொல். தாரிகாவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று கொண்டு வா, ஆகஸ்டில் பனி இறங்கும். மருமகனைக் கேட்டதாகச் சொல். எல்லோரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

மறக்காமல் ஒன்று. நீ கேட்ட கேள்வி ஒன்றுக்கு ரபீகா பதில் எழுதவில்லை, எழுதச் சொன்னால் அழுகிறாள், அதனால் நானே சொல்கிறேன். முஹைதீன் நானா கடை மூன்று மைல். ஆனால் நீ கேட்டது கடையின் தூரத்தை இல்லை. நேற்றுச் செருப்பைக் கழற்றிவிட்டு அடி வைத்து எண்ணிப் பார்த்தேன். நீ படுக்கப்போகிற அறையிலிருந்து கீழே இறங்கும் கடைசிப் படியிலிருந்து என் பாய்க்குப் பதினொரு அடி.

இப்படிக்கு,
பொன்னையா
வாச்சர், ரத்னா ஹோம்ஸ்டே, அம்பிட்டிய.