சாவி குப்பம்மாவிடம் இருக்கிறது

4 நவம்பர் 2024, திங்கள்

கொருக்குப்பேட்டையிலிருந்து கல்மண்டபம் வரை நடந்தேன். வழியில் ஒரு பலகையையும் விடவில்லை. பஞ்சர் ஒட்டப்படும். மாவு அரைக்கப்படும். பழைய இரும்பு எடுக்கப்படும். எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். கூட வந்த மகள் ரமாபாய், நான் யாரோ ஒரு ஆள் என்பதுபோல நாலடி தள்ளி நடந்தாள். கறிக்கடைக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்து: இங்கு சிறுநீர் கழிக்காதீர். முப்பது வருஷம் வேலை முடிந்து வரும்போது அந்தச் சுவரில்தான் ஒதுங்கியிருக்கிறேன். ஒருத்தனாவது சொல்லியிருக்கலாம்.

எழுபத்தோரு வயதில் படிக்க வந்தவனுக்குச் சொந்த ஊரே புது ஊர்தான். தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் முதியோர் வகுப்பு சபீஹா டீச்சர். இதை எழுத முக்கால் மணி நேரம் ஆனது. கை வலிக்கிறது. மூட்டை தூக்கியபோது இந்த விரல்கள் வலித்ததே இல்லை.

5 நவம்பர்

மனைவி குப்பம்மா தலைக்கு மேல் நின்று, "இன்னாயா, கலெக்டர் பரிச்சைக்கா எழுதினுகீற?" என்றாள். ஆமாம் என்றேன்.

9 நவம்பர், சனி

இன்று ஒரு அதிசயம். என் பெயருக்கு பிரான்சிலிருந்து தமிழில் ஒரு தாள்.

மகன் எழிலன் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அங்கேயே கிளேர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான், இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் போனில்தான் பார்த்தோம். ஜனவரியில் அவளையும் அவள் அம்மா மொனீக்கையும் சென்னைக்கு அழைத்து வருகிறான். மாமனார் படிக்கக் கற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டு, கிளேர் தன் அம்மா எழுதியதைப் போனிலேயே தமிழாக்கி ரமாபாய்க்கு அனுப்பியிருக்கிறாள். ரமாபாய் அதை ஜெராக்ஸ் கடையில் தாளாக எடுத்து வந்தாள்.

மொனீக் அம்மாவின் ஊர் வெர்னோல். முந்நூறு பேர் இருக்கும் கிராமம். அதைச் சுற்றிப் பார்க்க வேண்டிய பழைய இடங்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தூரம், எப்போது பார்க்கலாம், சாவி யாரிடம் என்று போட்டிருக்கிறார். எண்ணூறு வருஷத்து மாதா கோயில், சாவி ரொட்டிக் கடையில். பாதி இடிந்த கோட்டை, சாவி தேவையில்லை, கதவே இல்லை. ஒரு பாலம், ரோமர் கட்டியது என்பார்கள், நம்ப வேண்டாம். இந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது.

நாலாவது இடத்தை மூன்று முறை படித்தேன். ஊர்ப் பெண்கள் துணி துவைத்த கல் தொட்டி. மேலே கூரை போட்டு, பலகை வைத்துக் காப்பாற்றுகிறார்களாம். "என் அம்மா முழங்கால் போட்டுத் துவைத்த கல் இடமிருந்து மூன்றாவது" என்று எழுதியிருக்கிறார். அடுத்தது எல்லோரும் முறை வைத்து ரொட்டி சுட்ட பொது அடுப்பு. கடைசியில், சண்டைக்குப் போய்ச் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல் தூண். வருஷம் ஒருமுறை அங்கே நின்று பெயர்களை வாசிப்பார்களாம்.

துணி துவைத்த இடம் சரித்திரமா? அப்படியானால் நாங்கள் சரித்திரத்திலேயே புரண்டுகொண்டிருக்கிறோமே.

தாளின் அடியில் ஒரு வரி. உங்கள் ஊரில் நான் எவற்றைப் பார்க்க வேண்டும்?

17 நவம்பர், ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன்.

ரமாபாய் குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் சார்ஜில் கிடந்தது. டிங் என்றது. மேலே எழிலன் பெயர். எழுத்தைக் கண்டால் படித்துவிடுவது இப்போது என் வியாதி. படித்துவிட்டேன்.

"அக்கா, அவங்கள வூட்டுக்கு இட்னு வர வேணாம். நைனா ஹார்பர்ல ஆபீசர்னு சொல்லிகீறேன். வூட்டுல ரிப்பேர் வேல நடக்குதுனு சொல்லிடலாம். நுங்கம்பாக்கம் ஓட்டல்ல வச்சு பாத்துக்கலாம். நைனாவுக்கு நல்ல சட்ட வாங்கிக் குடு. அதிகம் பேசாம பாத்துக்கோ."

போன வருஷம் என்றால் இது எனக்கு வெறும் எறும்பு வரிசை. இந்த வருஷம் ஒவ்வொரு எறும்பும் கடிக்கிறது.

ஆபீசராம். முப்பத்துநாலு வருஷம் தோளில் மூட்டை தூக்கினேன். அந்தத் தோளில் உட்கார்ந்துதானே நீ கப்பல் பார்த்தாய்? இன்னாடா கலீஜ் இதுல? திருடினேனா? யார் சோத்தைப் பிடுங்கினேன்?

குப்பம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "புள்ள அங்க போய் தலை நிமிந்து நிக்கறான். நீ போய் பேஜாரு பண்ணாத. ஒரு நாள் ஆபீசரா இருந்தா இன்னா, தேஞ்சா பூடுவ?" என்றாள்.

18 நவம்பர்

நான் ஒளிய மாட்டேன்.

19 நவம்பர்

கேள்வி கேட்டது மொனீக் அம்மா. பதில் எழுதுவது மரியாதை. எழிலனைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அவன் சொன்னது பொய் என்றும் எழுத மாட்டேன். பார்க்க வேண்டிய இடங்களை எழுதுவேன். அவ்வளவுதான்.

22 நவம்பர், வெள்ளி

மூன்று நாள் எழுதினேன். அவர் ஏழு என்றால் நானும் ஏழு. தூரம், நேரம், சாவி எல்லாம் அவர் போட்டபடியே.

முதல் இடம் என் வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, கூட்ஸ் வண்டி போனால் பாத்திரம் ஆடும். எப்போதும் பார்க்கலாம். சாவி குப்பம்மாவிடம். இரண்டாவது ரயில்வே கேட், மூடியிருக்கும் நேரமெல்லாம் பார்வை நேரம். மூன்றாவது தெருமுனை அடிபம்பு. தண்ணீர் இல்லாத வருஷத்தில் நாலு குடத்துக்காக என் மனைவி பதினோரு பெண்களோடு சண்டை போட்டு ஜெயித்த இடம், கைப்பிடியில் அவள் கை தேய்த்த பளபளப்பு இன்னும் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் ஒரு செருப்புக் கடை, மகனுக்கு முதல் கறுப்பு ஷூ வாங்கியது அங்கே, வாங்கிய அன்று அதைப் போட்டுக்கொண்டே தூங்கினான். ராயபுரம் ரயில் நிலையம், மிகப் பழையது, இதை நம்பலாம். கல்மண்டபம் டீக்கடை, நானும் சௌக்கத் அலியும் நாற்பது வருஷமாகச் சண்டை போடும் இடம், சண்டை இன்னும் முடியவில்லை.

ஏழாவது எழுதத்தான் ஒரு நாள் ஆனது. "துறைமுக கேட்டுக்கு எதிரே. இந்த வழியாக வேலைக்குப் போய் உயிரோடு திரும்பாத ஒன்பது பேர், என்னோடு மூட்டை தூக்கியவர்கள். கல் தூண் இல்லை. பெயர்கள் என் நோட்டில் இருக்கின்றன. நோட்டு என் சட்டைப் பையில்."

டீக்கடையில் சௌக்கத் அலியிடம் காட்டினேன். என் மூட்டை கேங்கில் இருந்தவன், என் தோஸ்து. முழுக்கப் படித்துவிட்டு, "இன்னா மாமு, ஏரோப்ளேன் ஏறி வர்ற அம்மாவுக்கு அடிபம்பக் காட்றியா? அடுத்த ப்ளேன்ல ஏறி பூடும்" என்றான். பிறகு பிரியாணிக் கடையை ஏன் சேர்க்கவில்லை என்று சண்டைக்கு வந்தான். அந்தச் சண்டையோடு சண்டையாகப் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, கிளேர் எண்ணுக்கு அவனே அனுப்பிவிட்டான். எண்ணை ரமாபாயிடம் கேட்டேன். கொடுத்தாள்.

24 நவம்பர், ஞாயிறு

எழிலன் கூப்பிட்டான். குரலே வேறு.

"நைனா, இன்னா வேலை பண்ணிகீற நீ?"

"மூட்ட தூக்கற வேலை. இப்ப ரிடயர்டு."

"கிளேர் கேக்கறா, அவ அம்மா கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது? என்னைய பொய்யன் ஆக்கிட்டியே."

"நீ சொன்னத நான் ஒரு எழுத்து எழுதல. நான் செஞ்சத எழுதினேன். ரெண்டும் மோதினா அது என் தப்பாடா?"

போனை வைத்துவிட்டான். குப்பம்மா சோறு மட்டும் போட்டாள். சத்தமாகப் போட்டாள்.

25 நவம்பர்

பயந்தேன் என்பதையும் எழுத வேண்டும். இது எனக்கான நோட்டு, இதில் ஆபீசர் வேஷம் போட முடியாது. அவன் வராமலேயே போய்விட்டால்? வராவிட்டாலும் எழுதியதை நான் திருப்பி வாங்க மாட்டேன்.

3 டிசம்பர்

கிளேரிடமிருந்து ஒரு வரி. "அம்மா கேட்கிறார், முதல் இடத்துக்கு எத்தனை மணிக்கு வரலாம்?"

எப்போதும் என்று எழுதியிருக்கிறேனே. மறுபடியும் எழுதி அனுப்பினேன். எப்போதும்.

குப்பம்மா ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தாள்.

8 ஜனவரி 2025, புதன்

வந்தார்கள். இதை இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

மொனீக் அம்மாவுக்கு வெள்ளை முடி, குட்டையாக வெட்டியது. கையில் தடி. நான் எழுதியதைத் தாளாக எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். எழிலன் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, பழைய பழக்கத்தில் கதவுக்குப் பின்னால் வைத்தான். நான் புதுச் சட்டை போடவில்லை. துவைத்த சட்டை போட்டேன்.

மொனீக் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். என்ன என்று பார்த்தால் கையை நீட்டுகிறார். சாவி கேட்கிறார். குப்பம்மா வெட்கப்பட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா, திறந்திருந்த கதவை இழுத்து மூடிப் பூட்டி, மறுபடி திறந்து உள்ளே வந்தார். குப்பம்மா சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டிய புத்தர் படமே ஆடியது.

ரயில்வே கேட் எங்களுக்காகவே மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போயிற்று. மொனீக் அம்மா விரல் விட்டுப் பெட்டி எண்ணினார். ஐம்பத்தாறு என்றார். எங்களோடு வந்த சௌக்கத் அலி ஐம்பத்தெட்டு என்றான். மொழி தெரியாமலே இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அடிபம்பில்தான் குப்பம்மா மாறினாள். வீட்டில் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தவள், அந்தக் கைப்பிடியைப் பிடித்ததும் இடுப்பில் செருகிக்கொண்டாள். "சொல்றா எழிலா, எவ முன்னாடி நின்னா, எவ கொடத்த நான் ஒதச்சேன், எல்லாத்தையும் சொல்றா" என்றாள். அவன் சொன்னான். முதலில் தயங்கினான், பிறகு அவனே கையை ஆட்டிக் குடத்தை உதைத்துக் காட்டினான். மொனீக் அம்மா கைப்பிடியின் பளபளப்பைத் தடவிவிட்டு ஏதோ சொன்னார். "அவங்க அம்மா கல்லும் இப்டிதான் வழவழன்னு கீதாம்" என்றான் எழிலன்.

செருப்புக் கடை, ரயில் நிலையம், டீ. டீக்கடையில் சண்டையையும் போட்டுக் காட்டினோம். கடைசியாகத் துறைமுக கேட்டுக்கு எதிரே போய் நின்றோம். லாரி வரிசை, புழுதி, ஹாரன். நோட்டை எடுத்தேன். மொனீக் அம்மா கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு நேராக நின்றார்.

"வல்லரசு" என்று படித்தேன்.

பக்கத்திலிருந்து சௌக்கத் அலி, "கீறான்" என்றான்.

நாங்கள் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடும்போது வராதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன், இருக்கிறான் என்று, அப்படித்தான் சொல்வான். லேட்டாக வருபவனின் வேலை போகாமல் இருக்க.

"பீம்ராவ்."

"கீறான்."

"தௌசீஃப்."

"கீறான்." தௌசீஃப் சௌக்கத் அலியின் தம்பி.

ஒன்பது பெயருக்கும் எழுத்துக் கூட்டி நேரம் எடுத்துக்கொண்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆறாவது பெயரிலிருந்து குப்பம்மாவும் சொன்னாள். முடிந்ததும் மொனீக் அம்மா எழிலனிடம் ஏதோ கேட்டார். அவன் கேட்டைப் பார்த்துக்கொண்டே அவர்கள் மொழியில் மெதுவாக, நீளமாகச் சொன்னான். அவர் என்னிடம் வந்து, என் இடது தோளில், காய்ப்பு இருக்கும் இடத்தில் கை வைத்தார்.

என்ன சொன்னான் என்று கிளேரிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "அப்பா இங்கே மூட்டை தூக்கினார். நான் பொய் சொன்னேன்."

19 ஜனவரி, ஞாயிறு

விமானம் ஏறிவிட்டார்கள். வீட்டில் ஒரு கைத்தடி இருக்கிறது. மறந்துவிட்டாரா, அடுத்த முறைக்கு வைத்துவிட்டுப் போனாரா தெரியவில்லை.

20 ஜனவரி

எழுத உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். ஏழு இடங்கள் எழுதிய பக்கத்தில், ஏழாவதுக்குக் கீழே புதுக் கையெழுத்து. எழிலனுடையது. எப்போது எழுதினானோ.

"8. துறைமுக கேட். ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் பசங்களோடு இந்தப் பக்கம் வந்தேன். நைனா மூட்டைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். யாருக்கும் தெரியாது. சாவி இத்தனை நாள் என்னிடம் இருந்தது."

எனக்குத் தெரியும். லாரிக்கு அடியில் இரண்டு கறுப்பு ஷூ தெரிந்தது. அந்த வருஷம் நான் வாங்கிக் கொடுத்ததுதான். பிள்ளை எவ்வளவு நேரம் குனிந்து நிற்பான் என்று அன்று வேகமாக நடந்து போய்விட்டேன்.

நேரமும் தூரமும் போடாமல் விட்டிருந்தான். பேனாவை எடுத்து நானே எழுதினேன்.

நேரம்: எப்போதும். தூரம்: நடந்தே வந்துவிடலாம்.