சம்பந்தியின் பலகையில் இரண்டாம் முறை

அன்பு மகன் விச்சியானுக்கும் மருமகள் நுச்சரிக்கும் அம்மா எழுதுவது. இங்கே உங்கள் மகள் பைதோங்கும் நானும் கோழிகளும் சுகம், தைவான் குளிர் உங்கள் இருவரையும் வாட்டாமல் இருக்கட்டும். மழை நின்றுவிட்டது, கூரை இன்னும் ஒழுகுகிறது, அதற்குக் கவலைப்படாதே, கீழே வாளி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். வட்டார அளவில் நடந்த நம் நாட்டுச் சதுரங்கப் போட்டியில் பைதோங் தோற்றாளே, அன்று நுச்சரியின் அப்பா எல்லோர் முன்னாலும், "அப்பன் வீட்டு ரத்தம், வேற எப்படி வெளையாடும்?" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து பிள்ளை காயைத் தொடவில்லை. மாகாணப் போட்டிக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறோம், பெயர் கொடு என்று டீச்சர் வீடு வரை வந்து கேட்டும் தலையாட்டவில்லை. நான் விடாமல் நச்சரித்ததில் ஒரு நாள் வெடித்துவிட்டாள். "நீ மட்டும் என்ன பாட்டி, ஒரு தரம் தோத்துட்டுப் பதினஞ்சு வருஷமா பலகை பக்கமே போகல. தாத்தாகிட்ட தோக்காம எந்திரிச்சு வா, நான் பேரு குடுக்கறேன்" என்றாள். உன் கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தி என்னை ஒன்பதே நகர்த்தலில் முடித்தது உனக்கு நினைவிருக்கும். அந்தக் குதிரை கோணலாகத் தாவுவதைப் பார்த்தாலே எனக்கு இன்றும் தலை சுற்றும். ஆனாலும் சரி என்றுவிட்டேன். பத்து நாள் அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "ஜெயிக்கறதெல்லாம் உனக்கு வராது பாட்டி, ராஜாவை ஓரத்துக்கு விடாத, சந்தைல வழி தெரியாதவ மாதிரி நடுவுலயே சுத்து" என்றாள்.

போன பௌர்ணமியன்று கோயிலில் பிக்குகளுக்குச் சோறு படைத்த பிறகு மண்டபத்தில் உட்கார்ந்தோம். சம்பந்தி வெற்றிலையை மென்றுகொண்டே என் காய்களை ஒவ்வொன்றாகத் தின்றார், நானும் கிடைத்ததை வெட்டினேன். கடைசியில் அவரிடம் ராஜாவும் நேர்கோட்டில் ஓடும் படகுக் காய் ஒன்றும், என்னிடம் ராஜாவும் ஒரு குதிரையும். அந்தக் குதிரையை விட்டு வைத்திருந்தால், என் நகர்த்தல்களை நான் அறுபத்து நான்கு வரை எண்ணி முடிக்கும்வரை என்னை மடக்க அவருக்கு அவகாசம். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என்னைத் துணைக்கு ஒரு காயும் இல்லாத மொட்டை ராஜாவாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. குதிரையையும் எடுத்தார். மூன்று காய்தான் மிச்சம் என்பதால் எண்ணிக்கை நான்கில் தொடங்கும், மொட்டை ராஜாவுக்கு எதிரே ஒரே படகென்றால் பதினாறுதான் எல்லை, அதைத் தாண்டினால் ஆட்டம் சமம். "பதினாறு எதுக்கு சம்பந்தியம்மா, உங்களுக்குப் பத்தே ஜாஸ்தி" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், எண்ணத் தெரியும். நகர்த்த நகர்த்த மண்டபம் முழுக்கக் கேட்கும்படி எண்ணினேன். பத்தில் அவர் மெல்வதை நிறுத்தினார். பதின்மூன்றில், "மெதுவா எண்ணுங்க, காது வலிக்குது" என்றார். பதினைந்தில் என் ராஜா ஓரத்தில் மாட்டிக்கொண்டது. அவசரத்தில் அவர் படகை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டார். அந்த இடைவெளியில் ராஜாவை வெளியே எடுத்துப் பதினாறு, பதினேழு, ஆட்டம் சமம் என்றேன்.

பைதோங் கத்திய கத்தலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின. சம்பந்தி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவளிடம், "இதுவும் அப்பன் வீட்டு ரத்தம்தான் போல" என்று முனகினார், முகம் சிரித்தது. மறுநாள் பெயர் கொடுத்துவிட்டாள்.

நுச்சரிக்குப் படித்துக் காட்டும்போது அவள் அப்பாவைப் பற்றிய வரிகளைக் கொஞ்சம் தாண்டிப் படி. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இருவரும் நூறாண்டு வாழ வேண்டும். போட்டி வரும் இருபதாம் தேதி, மறக்காமல் அன்று மாலை போன் செய். ஜெயித்தாயா என்று பிள்ளையைக் கேட்காதே. எதுவரை எண்ணினாய் என்று கேள்.

என்றும் உன் அம்மா
பூன்ருவான்