மாமியாருக்கு வாய்க்கட்டு

இன்று காலை அம்மா மோர் மிளகாய் வறுத்தாள். அந்த நெடி அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு வந்ததும் சட்டென்று தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் செஞ்சி வீட்டில் புகையைக் கண்டு கத்துகிற கருவியெல்லாம் கிடையாது. "இன்னாடி மேல பாக்குற, பல்லியா?" என்றாள் அம்மா. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். இங்கிலாந்தில் குளிருக்குப் போடுகிற கோட்டின் பையில் கைவிட்டேன். அது இருந்தது. பதினாலு மாதமாக அங்கேதான் இருக்கிறது.

பூப்போட்ட ஒரு ஷவர் கேப். குளிக்கும்போது முடி நனையாமல் மாட்டிக்கொள்வார்களே, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் தொப்பி. நீ வாங்கியதுதான். இதை விட்டுவிட்டு உன்னிடம் வேறு எதைப் பேசினாலும் அது பாசாங்கு. ஆனால் நேராக அதற்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

நான் இங்கிலாந்தில் போய் இறங்கிய அன்று ஸ்டேஷனில் நீ நின்றாய். நான் வேலைக்குப் போன முதியோர் இல்லத்தில் எனக்கு எட்டு மாதம் முன்னால் சேர்ந்தவள். "ஃபாரத்துல செஞ்சின்னு போட்டிருந்துச்சு. வேற யாரையும் அனுப்பாதீங்க, நானே போறேன்னு சொல்லிட்டேன்" என்றாய். பல் நடுங்க, "நீங்க?" என்று கேட்டேன். "நம்ம பக்கம்தான், பனமலை. சாப்டியா?" அவ்வளவுதான் அறிமுகம். அன்றிலிருந்து நாம் சேர்ந்து குடியிருந்த வீட்டுக்குள் நான் செஞ்சிக்காரி, நீ பனமலைக்காரி. வேலை இடத்தில் மட்டும்தான் நமக்குப் பேர் இருந்தது. அதையும் வாயில் நுழையவில்லை என்று அவர்கள் பாதியாக வெட்டிக்கொண்டார்கள்.

அந்த ஊரில் என்னைக் குடிவைத்தவள் நீ. ஐஸ் மேல் பாதத்தைத் தட்டையாக வைத்து வாத்து மாதிரி நடக்கச் சொன்னாய். ஒருநாள் ஒரு கிழவருக்குச் சட்டைப் பொத்தான் போடப் போனேன். கறுப்புக் கையால் தொடாதே என்று தட்டிவிட்டார். கழிவறையில் அழுதுகொண்டிருந்த என்னை வெளியே இழுத்து, "இங்க அழுதா யாரு பெல் அடிச்சாலும் கேக்காது. அழணும்னா மாடி பஸ்ல முன் சீட்ல உக்காந்து அழு. ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்றாய். இரண்டு வாரம் அங்கே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஒருநாள் நீ பக்கத்தில் வந்து, "நகுந்துக்கோ, இன்னைக்கு என் முறை" என்றாய். ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நம் வீட்டு நடையில், சமையலறைக்கும் உன் அறைக்கும் நடுவே, மேலே ஒட்டியிருந்ததே அந்த வெள்ளை வட்டம். புகைக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்து ஒரே அலாரம். கடுகு வெடித்தால் கத்தும், அப்பளம் சுட்டால் கத்தும், ஊதுவத்திக்குக்கூடக் கத்தும். நீதான் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தாய். "எது செஞ்சாலும் குத்தம்டி இவளுக்கு." நான் வந்த மூன்றாம் நாள் ஸ்டூல் போட்டு ஏறி, இந்த ஷவர் கேப்பை அதன் மேல் மாட்டி, "வாயக் கட்டியாச்சு, இப்ப தாளி" என்றாய். வீடியோ காலில் உன் வீட்டுக்கும் காட்டினாய். உன் அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் சட்டம் போட்டவளும் நீதான். கட்டினவளே அவிழ்க்க வேண்டும், அடுப்பை அணைத்த கையோடு. நான் மறந்த போதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இனி சுற்ற வழியில்லை.

அந்த ஜனவரியில் ஹீட்டர் நின்றுபோனது. திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றார் வீட்டுக்காரர். உனக்கோ காய்ச்சல், மூன்று போர்வைக்குள்ளும் உதறிக்கொண்டிருந்தாய். முன்பு குடியிருந்தவர்கள் பின்னால் கொட்டகையில் விட்டுப்போன கரி மூட்டை உன் கண்ணில் பட்டது. "பிள்ள பெத்தவ கட்டிலுக்கடியில எங்கம்மா தணல் வெக்கும். புகை அடங்கின கரி ஒண்ணும் செய்யாது" என்றாய். நர்ஸ் படிப்பு படித்தவள் நான். உன் ஊர் வீடு ஓட்டு வீடு, காற்று போக வழி உண்டு, இது ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்த வீடு, புகை அடங்கின கரியும் விஷவாயு விடும் என்று சண்டை போட்டிருக்க வேண்டும். "வேணாண்டி" என்று மட்டும் சொன்னேன். "அதான் மாமியார் இருக்கா இல்ல. ஏதாவதுன்னா கத்துவா" என்று நீ சிரித்தாய்.

அன்று எனக்கு இரவு ஷிஃப்ட். சாயங்காலம் தயிர் சோற்றுக்கு மோர் மிளகாய் வறுத்தேன். வறுக்கும் முன் மாமியார் வாயைக் கட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது உன் அறையிலிருந்து குரல் வந்தது.

"செஞ்சிக்காரி, அவுத்துட்டியா?"

"ம்ம்" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏற வேண்டும், அதற்குள் பஸ் போய்விடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஆகும். இல்லை.

காலையில் கதவைத் திறந்ததும் நடை கதகதப்பாக இருந்தது. ஹீட்டர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பாவி. உன் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலுக்கடியில் இரும்புச் சட்டியில் சாம்பல். கிழவர்களுக்குத் தினமும் பார்க்கிற நாடியை உன் கழுத்தில் தேடினேன். இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஷவர் கேப்பை அவிழ்த்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவிழ்த்த கொஞ்ச நேரத்தில் அலாரம் கத்த ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்தபோதும் கத்திக்கொண்டிருந்தது.

அதனால் அவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? அலாரம் அடித்திருக்கிறது, காய்ச்சல் மயக்கத்தில் நீ எழுந்திருக்கவில்லை என்று. போலீஸ் கேட்டபோது, நான் வீட்டில் இல்லை, தெரியாது என்றேன். மூன்று வாரம் கழித்து உன்னைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். நான் கூட வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் கேட்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

முதல் லீவில் இப்போதுதான் வந்திருக்கிறேன். இன்று மதியம் ரெண்டு பஸ் மாறிப் பனமலைக்குப் போனேன். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. உன் வீட்டுச் சுவரில் நீ மாலையோடு இருக்கிறாய், அந்த இல்லத்துச் சீருடையில் எடுத்த போட்டோ. உன் அப்பா, நீ நைனா என்று கூப்பிடுகிறவர், சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உன் அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, போனில் கேட்டதையே நேரிலும் கேட்டார்கள். "அவ்ளோ சத்தம் போட்டும் எம்பொண்ணு எழுந்துக்கலியாம்மா? ஊர்ல ஒண்ணொண்ணு ஒரு மாதிரி பேசுது. மனசு ஒடிஞ்சு அவளே செஞ்சிகிட்டான்னு சொல்லுது. எழுந்துக்க வேணாம்னு படுத்திருந்தாளா?"

இதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. காபி ஆறிப்போனது. நான் எப்பேர்ப்பட்டவள் என்று தெரிந்துகொள்.

அப்போதுதான் உன் தங்கச்சி தன் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் நர்ஸ் வேலை, அதே நாடு, வேறு ஊர், பதினைந்து நாளில் பயணம். நீ எப்போதோ போனில் சொன்ன சாமானையெல்லாம் வாங்கியிருந்தாள். ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ், கடுகு, சீரகம், மோர் மிளகாய். அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். பிரிக்காத கவரில் நீல நிற ஷவர் கேப். "அக்கா மொதல்ல இதத்தான் சொல்லிச்சு. மாமியார் வாயக் கட்டிட்டா நிம்மதியா சமைக்கலாம்னு."

சொல்லிவிட்டேன். மிளகாய், பஸ், அந்த "ம்ம்", கோட்டுப் பை, எல்லாம். சொல்லச் சொல்ல உன் நைனா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் அம்மா கேட்டார்கள். "அப்ப அது கத்தல?"

"கத்தலம்மா."

"கத்தியிருந்தா எழுந்திருப்பா."

"எழுந்திருப்பாம்மா."

உன் அம்மா எழுந்து போய் உன் போட்டோவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார்கள். அழுதார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. நைனாதான் பேசினார். "எங்ககிட்ட சொன்னது பத்தாது. அங்க எழுதி வெச்சிருக்கானுங்க இல்ல, அத மாத்தணும். போயி சொல்லு. சொல்லிட்டுப் போன் பண்ணு. அதுக்கப்புறம் பண்ணாத."

நான் கிளம்பும்போது உன் தங்கச்சி அந்தக் கவரை என் கையில் வைத்தாள். "இதையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றாள். காலையில் போனில் வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்றவள் இப்போது ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை.

பஸ்ஸில் முன் சீட்டில் இடமில்லை, நின்றுகொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இப்போது கோட்டுப் பையில் ரெண்டு இருக்கின்றன. நாலு நாளில் பிளைட். போய்ச் சொன்னால் வேலை போகலாம், திருப்பியும் அனுப்பலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சொல்வதற்கு முன்னால் உனக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, உன் கதவுவரைக்கும் வந்து, உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது.

இல்லடி பனமலைக்காரி. அவுக்கல.