விராலடிப்பானும் என் வலது கண்ணும்

டிசம்பர் 8, 2024 - ஞாயிறு

விராலடிப்பான் வந்துவிட்டது.

சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் நேரே கண்மாய்க்குப் போனோம். கோவிலூர் தாண்டி, தண்ணீருக்கு நடுவே பட்டுப்போய் நிற்கிற கருவேல மரம். எங்கேயோ பனி பெய்கிற தேசத்திலிருந்து பறந்து வந்து, நம்ம ஊர் விரால் மீனைக் காலில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தப் பருந்து. மூன்று வருடமாக வருகிறது, ஒரு உருப்படியான படம் எனக்குக் கிடைக்கவில்லை. கரைக்கும் மரத்துக்கும் நூறு மீட்டர் இருக்கும். என் முந்நூறு எம்.எம். லென்ஸில் அது ஒரு பொட்டுதான்.

இந்த வருடம் அப்படி இல்லை. கார்த்திகேய சிவம் தன்னுடைய டூ எக்ஸ் டெலிகன்வர்ட்டரை எனக்கே கொடுத்துவிட்டார். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் சின்னச் சாமான், முந்நூறை அறுநூறாக்கிவிடும். அவர் புதுக் கேமரா வாங்கிவிட்டதால் அவருக்கு இது பொருந்தாதாம். கூட்டுறவு வங்கியில் வேலை, என்னைவிடப் பத்து வயது இளையவர், எங்கள் பறவைக் குழுவில் என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற ஆள். காசு பேச்சை எடுத்ததும் காதைப் பொத்திக்கொண்டார். நல்லா இருக்கணும் அந்தப் பிள்ளை.

ஒரே ஒரு சங்கடம். இதை மாட்டினால் வெளிச்சம் கால்வாசிதான் உள்ளே வரும். என் பழைய கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, வளையத்தைக் கையால் திருப்பிக் கண்ணால் பார்த்துத்தான் கூர்மை பிடிக்க வேண்டும். அதனால் என்ன? இருபத்தெட்டு வருடமாக லேபில் மைக்ராஸ்கோப் பார்த்த கண். ரத்த அணுவையே பார்த்தவளுக்கு ஒரு பருந்து தெரியாதா?

டிசம்பர் 15 - ஞாயிறு

நாற்பத்திரண்டு படம். நாற்பத்திரண்டும் கலங்கல்.

காற்று இருந்தது, ட்ரைபாட் ஆடியிருக்கும். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீரிலிருந்து கானல் வேறு எழும்பியது. அடுத்த வாரம் விடியும்போதே போக வேண்டும்.

குடை பிடிக்க வந்த என் வீட்டுக்காரர் பாவம், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஃபெலிக்ஸ் என்று இந்த நோட்டில்தான் எழுத முடியும், நேரில் 'இந்தாங்க'தான். பள்ளத்தூர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவருக்குப் பறவை என்றால் இரண்டே ஜாதி, காக்கா, கொக்கு. விராலடிப்பானையும் கொக்கு என்கிறார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு எனக்காக வருகிறாரே. மாதாவே, இதுக்கே உனக்கு ஒரு மெழுகுவர்த்தி.

டிசம்பர் 26 - வியாழன்

கேக் மூன்று துண்டு. நான்காவது துண்டை எடுக்கும்போது பாண்டீஸ்வரி பார்த்துவிட்டாள். ஆறு வருடமாக என் லேபில் இருக்கிற பெண். உங்க சுகரைக் கடைசியா எப்பப் பார்த்தீக என்று கேட்டாள். ஊருக்குப் பார்க்கவே எனக்கு நேரமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு வருடம் இருக்குமோ? மாத்திரை போடுகிறேன். நினைப்பு வரும்போது.

ஜனவரி 5, 2025 - ஞாயிறு

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இன்று முறையாகச் சோதித்தேன். அதே பருந்து, அதே கிளை, அதே ட்ரைபாட். முதலில் என்னிடம் ஏற்கெனவே இருக்கும் 1.4 மடங்கு கன்வர்ட்டர். அதில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். படம் சின்னது, ஆனால் கத்தி மாதிரி. அடுத்து சிவம் கொடுத்த டூ எக்ஸ். கஞ்சித் தண்ணி. அதோடு விட்டதா? அக்கரையில் இருக்கிற கரண்ட் கம்பம் அதில் பார்த்தால் நடுவில் வளைந்து தெரிகிறது! கோணல் கண்ணாடி, வேறென்ன? எத்தனை விடியற்காலை, எத்தனை நடை, அத்தனையும் வீணாப் போச்சே.

போன் போட்டுக் கேட்டால் சிவம் லைவ் வியூ போட்டு ஸ்க்ரீனைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்கிறார். அந்த வெயிலில் ஸ்க்ரீனில் என் மூஞ்சிதான் தெரியும். வந்த கோபத்தில் கலங்கல் படத்தைப் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டு, கீழே எழுதினேன்: "தனக்கு ஆகாத கழிசடையைத் தர்மம் பண்ணுற மாதிரி அக்கா தலையில கட்டிட்டாரு நம்ம சிவம்."

முப்பது பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தரும் பதில் போடவில்லை.

ஜனவரி 6 - திங்கள்

சிவம் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். போகட்டுமே. நான் என்ன பொய்யா சொன்னேன்?

ஜனவரி 16 - வியாழன்

பொங்கல் விடுமுறை. கடைசியாக ஒரு தடவை என்று அந்தக் கன்வர்ட்டரையே மாட்டிக்கொண்டு போனேன். பருந்து மீனைத் தின்றுகொண்டிருந்தது. வளையத்தை அங்கே திருப்பி, இங்கே திருப்பி, என் கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். பழுப்பாக ஒரு உருண்டை. "நீங்களே பாருங்க, என்ன சாமான் குடுத்திருக்கான்னு" என்று ஃபெலிக்ஸைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

குனிந்தார். வளையத்தைத் திருகினார்.

"ஞானம், கொக்குக்குக் கண்ணு மஞ்சளாவா இருக்கும்?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். தெரிகிறதே என்றார். மீனின் வால் துடிப்பதுகூடத் தெரிகிறதாம். எந்தப் பொத்தான் என்று கேட்டு, இரண்டு தடவை அமுக்கினார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் கண். அதற்குள் கருமணி. மீனின் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக. மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த படத்தை, காக்காயும் கொக்கும் மட்டும் தெரிந்த மனுஷன் எடுத்துவிட்டார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. வியூஃபைண்டர் பக்கத்தில் பவரைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரம் உண்டு, அது அவர் கண்ணுக்குத் தோதாக இருந்திருக்கும் என்று நினைத்து, கடைசிவரை திருகிப் பார்த்துவிட்டேன். ம்ஹும்.

ஜனவரி 17 - வெள்ளி

கன்வர்ட்டர் நல்ல கன்வர்ட்டர்தான். அப்ப...?

ஜனவரி 18 - சனி

லேபில் கூட்டமில்லை. எதிர்ச் சுவரில் மாதக் காலண்டர். கேமராவில் பார்க்கிற மாதிரியே இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் அதைப் பார்த்தேன்.

கட்டங்கள் நெளிந்தன. ஓரத்துக் கோடெல்லாம் நேர். நடுவில் மட்டும் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு, பொங்கல் தேதிகள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. இடது கண்ணைத் திறந்தேன், எல்லாம் சரியாகிவிட்டது. மூடினேன், நெளிந்தது. திறந்தேன். மூடினேன்.

"என்னக்கா, காலண்டரைப் பாத்துக் கண்ணடிக்கிறீக?" என்று பாண்டீஸ்வரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதம் நேற்று வரைக்கும் நான் பார்த்த ஸ்லைடு எல்லாவற்றையும் எடுத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள், சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அத்தனையும் பார்த்து, தப்பு ஒன்றும் இல்லை என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் எனக்காகப் பார்த்திருக்கிறது. லேபில் மெஷின் எண்ணியிருக்கிறது. மற்ற நேரமெல்லாம் இடது கண் இரண்டு ஆள் வேலை பார்த்திருக்கிறது. இந்த டூ எக்ஸ் ஒன்றுதான் நீயே பார் என்று என் வலது கண்ணிடம் விட்டது.

பயமா இருக்கு. இவுகட்ட இன்னும் சொல்லல. கண்ணு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது பாக்குறது ஒண்ணுதானே.

ஜனவரி 20 - திங்கள்

மதுரை, கண் ஆஸ்பத்திரி. நேற்று ராத்திரி சொன்னதுமே ஃபெலிக்ஸ் கிளப்பிவிட்டார். சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது. மாதம் ஒன்றாக முதலில் மூன்று ஊசி, கண்ணுக்குள்ளேயே.

டாக்டரம்மா சின்னப் பெண். ஒரு கண் மட்டும் என்றால் ஆட்கள் சீக்கிரம் வர மாட்டார்களே, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டாள். பருந்து போட்டோ கலங்கலாக இருந்தது டாக்டர் என்றேன். பேனாவை வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா, என்னால இவ்வளவு தைரியமாப் பேச முடியாதும்மா."

திரும்பும்போது பஸ் மேலூர் தாண்டியதும் ஃபெலிக்ஸ் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் பஸ்ஸில் இப்படிச் செய்தவர் இல்லை.

ஜனவரி 21 - செவ்வாய்

பாண்டீஸ்வரி என் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.8, ஏழுக்குள் இருக்க வேண்டியது. ஊரில் வேறு யாருக்காவது இது வந்திருந்தால் உட்கார வைத்து அரை மணி நேரம் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. என் டிராயரில் இருந்த மிட்டாய் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஜனவரி 27 - திங்கள்

முதல் ஊசி. பயந்த அளவுக்கு இல்லை. சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள், சின்னதாக ஒரு அழுத்தம், முடிந்தது. அந்த நேரம் முழுக்க ஒரு நர்ஸ் என் கையை விடவே இல்லை. பேர் கேட்க மறந்துவிட்டேன். யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.

பிப்ரவரி 2 - ஞாயிறு

இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. பள்ளத்தூரில் சிவம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சாமான் நல்ல சாமான், கெட்டது என் கண், என் வாய் அதைவிடக் கெட்டது என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"இங்குட்டு வந்து உக்காருங்கக்கா மொதல்ல" என்றார். "நான் கோவத்துல வெளியேறலக்கா. அதை நான் சரியாச் சோதிச்சுப் பாத்ததே இல்ல. நெசமாவே கெட்டதைத்தான் குடுத்துட்டேனோன்னு வெக்கமாப் போச்சு. உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான்..."

நாலு வாரம். நான் அவரைத் திட்டிக்கொண்டும், அப்புறம் அவரிடம் போக வெட்கப்பட்டுக்கொண்டும் இருந்த நாலு வாரமும் அவர் தன்னையே திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். கண்ணுக்கு ஆகாது, அழாதீக என்று அவர் பதறினது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் பாருங்கள் என்றும் எழுதினேன். இந்தத் தடவை முப்பது பேரும் பதில் போட்டார்கள். சிவமும் திரும்ப வந்துவிட்டார்.

பிப்ரவரி 24 - திங்கள்

இரண்டாவது ஊசி.

மார்ச் 9 - ஞாயிறு

தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த வருடம் எதை விடுவது என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. இனிப்புதான் எப்போதோ போய்விட்டதே.

இடது கண்ணால் படம் எடுக்கப் பழகுகிறேன். மூக்கு போய் ஸ்க்ரீனில் இடிக்கிறது. 1.4 மாட்டி, தண்ணீரில் முங்கி முங்கி எழுகிற ஒரு முக்குளிப்பானை எடுத்தேன், பரவாயில்லை. கருவேல மரம் காலியாக இருந்தது. அது புறப்பட்டுவிட்டது போல. போய்ச் சேரட்டும் பத்திரமாக.

மார்ச் 24 - திங்கள்

மூன்றாவது ஊசி. நீர் நன்றாக வற்றியிருக்கிறதாம். ஜனவரியில் எழுத்துப் பலகையின் முதல் எழுத்தோடு திணறிய வலது கண் இன்று நான்காவது வரி வரை போனது. கோணல் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், சர்க்கரையைப் பிடித்து வைத்தால்தான் பிடித்தது நிற்கும் என்றாள் டாக்டரம்மா. பிடித்து வைக்கிறேன் தாயே.

ஏப்ரல் 9 - புதன்

காலையில் ஃபெலிக்ஸ் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு இருந்தார். நான் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். ஜனவரியில் ஒரு நாள் இப்படிப் பார்த்தபோது அவருக்குக் காது இருந்தது, தலைமுடி இருந்தது, நடுவில் முகமே இல்லை. அதற்கப்புறம் அந்தக் கண்ணால் மட்டும் அவரைப் பார்க்கவே பயந்து இருந்துவிட்டேன். இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

இன்று மூக்கு இருந்தது. மூக்குக் கண்ணாடி அழுத்திய தடம் இருந்தது. தாடையில், இடப்பக்கம், சவரத்தில் விட்டுப்போன நரைமுடி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"என்ன ஞானம், அப்படிப் பாக்குறே?"

ஒழுங்காச் சவரம் பண்ணத் தெரியலையே உங்களுக்கு என்றேன். தாடையைத் தடவிக்கொண்டே கண்ணாடியைப் பார்க்க எழுந்தார். போகாதீங்க, இன்னும் செத்த நேரம் அப்படியே உட்காருங்க என்றேன். உட்கார்ந்தார்.