கிணற்றில் சாயம் போன போர்வை

என் பாசமுள்ள ராசம் அக்காவுக்கு,

ஓரகத்திக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் எனக்கு எந்தச் சேதி செரித்திருக்கிறது?

நல்லதை முதலில் சொல்கிறேன். உங்கள் பேத்தி மலருக்குப் பெண் குழந்தை. மூக்கு அப்படியே உங்களுடையது. பாவம், என்ன செய்வது! மற்றொன்று, என் குமார் முற்றத்தில் செங்கல் இறக்கியிருக்கிறான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் உங்கள் மகனோடு அவனுக்குப் பேச்சில்லை. குறுக்குச் சுவர் எழுப்பப் போகிறானாம். மறுபடியும்!

நம் வீட்டுக்காரர்கள் எழுப்பிய சுவர் நினைவிருக்கிறதா அக்கா? அண்ணன் கறுப்பு சிவப்புக் கொடி, தம்பி செங்கொடி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு வராமல் நின்றபோது, தம்பியும் அவர்களோடு போய் நின்றார். அண்ணன் கொத்தனாரைக் கூப்பிட்டார். ஆளுக்குப் பாதிக் கிணறு! கிணற்று வாய்க்கு மேல் மட்டும் சுவர் எழுப்ப முடியவில்லை.

குமார் என் வயிற்றில் இருந்தான். அவனுக்காக நாம் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுத்துணிப் போர்வை பாதியில் நின்றது. நீங்கள் விட்டீர்களா? அதை வாளியில் வைத்துக் கிணற்றுக்கு மேலாக நீட்டினீர்கள். காலையில் உங்கள் பக்கம் நாலு துண்டு, மத்தியானம் என் பக்கம் நாலு துண்டு.

பச்சைப் பிள்ளைக்கு அலசிய பழந்துணிதான் என்பது வழக்கம். நமக்கோ வேட்டித் துண்டுகள் போதவில்லை. தேர்தலுக்குத் தைத்து மிஞ்சிய இரண்டு கொடித் துணியையும் அலசாமல் சேர்த்துவிட்டோம். ஒருநாள் வாளி உங்கள் கையிலிருந்து நழுவிக் கிணற்றில் விழுந்தது. தூக்கிப் பார்த்தால் வெள்ளைத் துண்டெல்லாம் ரோஸ்!

சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஓடிவந்தார்கள்.

"எங்க கொடி சாயம் போவாதுடா. உன் கொடிதான் கரைஞ்சிருக்கு!"

"எங்க சிவப்பு எந்தத் தண்ணிக்கும் கரையாதுண்ணே!"

ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த 'அண்ணே'. சொன்னவரே திகைத்துப் போனார். உங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் புயலில் விழுந்த சுவரை யாரும் எடுத்துக் கட்டவில்லை.

"கை வழுக்கிடுச்சுடி" என்றீர்கள். ஊசி முனையளவு பிசகாத கை அக்கா அது. நிஜமாகவே வழுக்கியதா?

இப்போது மலர் அந்தப் போர்வையைக் கேட்கிறாள். "அந்த வீட்டுக்கு ஒரு நூல்கூடப் போவக் கூடாது" என்கிறான் குமார், அதில் சுற்றிக்கிடந்தவன்! கிழிந்த இடத்தில் உங்கள் ஊதாச் சேலைத் துண்டை வைத்துத் தைத்துவிட்டேன். இந்த முறை அலசித்தான்.

செங்கல் சுவராகாது, இது என் வாக்கு. நாளைக் காலையில் அவனைக் கூப்பிட்டு, "முழங்கால் வலிக்குதுடா, இந்தப் போர்வையைத் தூக்கிக்கிட்டு உங்க பெரியம்மா வீட்டுக்குள்ள வரைக்கும் வா" என்று சொல்லப்போகிறேன்.

என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை அக்கா.

உங்கள் பாதிக் கிணற்றுத் தங்கச்சி,
கமலா